தகுதியில்லை என்று சொல்லப்பட்ட ஓர் ஆசிரியை: பினாங்கில் ஒரு நிகழ்வு ஆய்வு

இந்த ஆய்வு, மலேசியாவின் பினாங்குத் தீவிலுள்ள ஒரு தனியார் பள்ளியில் ஏழாண்டுகள் ஆங்கிலமும் அறிவியலும் கற்பித்துவிட்டு, அடுத்த வேலை கையில் இல்லாத நிலையில் பதவி விலகிய ஓர் ஆசிரியையைப் பற்றியது. விலகும்போது அவருக்கு வயது 38. பட்டர்வொர்த்தில் வசிக்கிறார், கணவர் பிறையில் ஒரு சரக்குக் கிடங்கில் மேற்பார்வையாளர், பிள்ளைகள் இருவரும் தமிழ்ப்பள்ளியில் படிக்கிறார்கள். எழுத்து மூலமான அவருடைய ஒப்புதலோடு இது எழுதப்படுகிறது. ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்கள் மாற்றப்பட்டுள்ளன. 1998ஆம் ஆண்டு ஆலோசகர் சட்டத்தின் கீழ்ப் பதிவுபெற்ற ஆலோசகர் என்ற முறையில் அவரைச் சந்தித்தபோது கண்டவற்றையும், எவை பயன்பட்டன, எவை பயன்படவில்லை என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

பள்ளியில் நடந்தவை

முதல் நான்கு ஆண்டுகளில் சொல்லும்படியான சிக்கல் எதுவும் இல்லை. ஐந்தாம் ஆண்டில் பாடப்பிரிவின் தலைமைப் பொறுப்புக்குப் புதியவர் ஒருவர் வந்தார். அவர் வகுப்பைப் பார்வையிட வந்த முதல் நாளில், மாணவர்கள் குழுக்களாகப் பிரிந்து, பேட்டரியையும் சிறு விளக்கையும் வைத்துக்கொண்டு மின்சுற்று அமைத்துக்கொண்டிருந்தார்கள். "வகுப்பு கட்டுப்பாட்டில் இல்லை" என்று குறிப்பெழுதிவிட்டுப் போனார். அடுத்த முறை அவர் வருவதை அறிந்த ஆசிரியை, மாணவர்களை அமைதியாக உட்காரவைத்து எழுத்துப் பயிற்சி கொடுத்தார். இந்த முறை கிடைத்த குறிப்பு "உயிரோட்டமில்லாத வகுப்பு" என்பது. நாள் பாடத்திட்டம் மிக நீளமாக இருக்கிறது என்று ஒருமுறை திரும்பி வந்தது. சுருக்கி எழுதியபோது அக்கறையில்லாமல் எழுதப்பட்டிருக்கிறது என்று மறுபடியும் திரும்பி வந்தது. இரவு பத்து மணிக்கு மேல் ஆசிரியர்களின் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் அவருடைய பெயரைச் சுட்டி, காலைக்குள் விளக்கம் கேட்டுச் செய்திகள் வரும். அவற்றின் கீழே சக ஆசிரியர்கள் சிலர் கட்டைவிரல் குறி இட்டிருப்பார்கள். அவர்களும் பயந்துதான் அப்படிச் செய்கிறார்கள் என்பது அவருக்குத் தெரியும். ஆயினும் தலைவரின் சொற்களைக் காட்டிலும் அந்தக் கட்டைவிரல்கள்தாம் அதிகம் வலித்தன என்று முதல் சந்திப்பிலேயே சொன்னார்.

கடைசி ஓராண்டில் காரணம் கேட்கும் கடிதங்கள் இரண்டு வந்தன. இரண்டாவதற்குப் பதில் எழுதிய வாரத்திலேயே விலகல் கடிதத்தையும் கொடுத்து, ஒப்பந்தத்தில் கண்ட அறிவிப்புக் காலம் முழுவதும் வேலை பார்த்துவிட்டு வெளியேறினார்.

கடுஞ்சொல் பேசும் மேலதிகாரிகளின் கீழ் ஆண்டுக்கணக்கில் வேலை செய்துவிட்டு, மனம் நொந்தாலும் நம்பிக்கை குலையாமல் வெளியே வந்தவர்கள் பலர் உண்டு. ஆகவே திட்டு வாங்கியதை மட்டும் காரணமாகச் சொல்லி இந்த ஆசிரியையின் நிலையை விளக்கிவிட முடியாது. எது நல்ல வேலை என்பதற்கான அளவுகோல் வாரத்துக்கு வாரம் மாறிக்கொண்டிருந்ததே முக்கியமான சேதம் என்பது என் கருத்து. அளவுகோல் நிலையாக இருந்தால், அது எவ்வளவு கடுமையானதாக இருந்தாலும், ஒருவர் தம்மைத் தாமே அளந்துகொள்ள முடியும். மாறிக்கொண்டே இருந்தால், அளப்பதையே விட்டுவிட்டு மேலதிகாரியின் முகத்தைப் பார்த்து நடக்கத் தொடங்குகிறார். அப்படிப் பழகியவர் அந்த முகம் இல்லாத இடத்துக்கு வந்தபின், தாம் செய்தது சரியா தவறா என்று சொல்லத் தெரியாதவராக நிற்கிறார்.

வந்தபோது இருந்த நிலை

அவர் என்னிடம் வந்தபோது வேலையை விட்டு மூன்று மாதங்களுக்கு மேல் ஆகியிருந்தது. காய்ச்சலில் கிடந்த மகனுக்காக வகுப்பாசிரியருக்கு நான்கு வரியில் விடுப்புக் கடிதம் எழுத உட்கார்ந்தவர், அதை அடித்தடித்துத் திருத்தி, கடைசியில் கணவரிடம் நீட்டி, "இதில் ஏதாவது தப்பு இருக்கிறதா, கொஞ்சம் பாருங்கள்" என்று கேட்டிருக்கிறார். ஏழாண்டுகள் ஆங்கிலக் கட்டுரைகளைத் திருத்தியவர் அவர். உறக்கம் விட்டு விட்டு வந்தது. கைப்பேசியில் புலன ஒலி கேட்டால் நெஞ்சு படபடத்தது. அவருடைய தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) எல்லாருக்கும் அவர் 'டீச்சர்'தான். கடைக்காரரிலிருந்து பக்கத்து வீட்டு அக்கா வரை இன்னமும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். ஒவ்வொரு முறையும் பொய்ச் சான்றிதழ் வைத்திருப்பவர்போல் உணர்ந்ததாகச் சொன்னார். "டீச்சர் வேலையை யாராவது விடுவார்களா?" என்று மாமியார் கேட்டதில் வன்மம் எதுவும் இருந்திருக்காது, ஆனால் நம் சமூகத்தில் ஆசிரியர் தொழிலுக்கு இருக்கும் மதிப்பே அதை விட்டு வந்தவருக்குச் சுமையாகிறது என்பதை அந்தக் கேள்வி காட்டுகிறது.

முதலில் அவரை அரசாங்கச் சுகாதார மருத்துவகத்துக்கு அனுப்பினேன். மனச்சோர்வு நோயாக இருந்தால் சிகிச்சைதான் முதலில் வர வேண்டும்; வேலை தேடுவதைப் பற்றிய பேச்சு பிறகு. மருத்துவர் அப்படி எதுவும் இல்லை என்றார். ஆசிரியைக்கு அதில் ஓர் ஏமாற்றம். தமக்கு நேர்ந்ததற்கு ஒரு நோயின் பெயராவது கிடைக்கும் என்று எதிர்பார்த்திருந்தார். உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் பணிச்சோர்வைத் தன் வகைப்பாட்டில் விவரித்தபோது அதை நோயாகக் கொள்ளாமல் தொழில்சார்ந்த நிலையாகவே கொண்டது என்பதையும், களைப்பு, வேலையிலிருந்து மனம் விலகுதல், செயல்திறன் குறைந்துவிட்டது என்ற உணர்வு ஆகிய மூன்றையும் அதன் கூறுகளாகச் சொன்னது என்பதையும் விளக்கினேன். மூன்றாவது கூறைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். இரவில் மனம் தாங்காமல் போனால் அழைப்பதற்காகச் சுகாதார அமைச்சின் 15555 என்ற எண்ணையும் குறித்துக்கொண்டார்.

கைநழுவிய சட்ட வழிகள்

இதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். எனினும் வேலையை விடும் எண்ணத்தில் இருப்பவர்கள் கடிதம் கொடுக்கும் முன்னரே படிக்க வேண்டிய பகுதி இதுதான். மலேசியாவின் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான பெர்கேசோ நடத்தும் வேலை காப்புறுதித் திட்டம் 2018 முதல் நடப்பில் உள்ளது. முதலாளியும் தொழிலாளியும் ஆளுக்கு 0.2 விழுக்காடு செலுத்துகிறார்கள். வேலை இழந்தவருக்கு வேலை தேடும் காலத்தில் ஆறு மாதம் வரை உதவித்தொகை உண்டு, முதல் மாதத்தில் அது கணக்கிடப்பட்ட சம்பளத்தில் 80 விழுக்காடு. ஆனால் தாமாக விலகியவருக்கு அது கிடையாது. முதலாளியின் நடத்தையே தொழிலாளியை வெளியே தள்ளிய மறைமுகப் பணிநீக்கம் என்றால் விண்ணப்பிக்கலாம். அதையும் வேலை போன 60 நாளுக்குள் செய்தாக வேண்டும். 1967ஆம் ஆண்டு தொழிலுறவுச் சட்டத்தின் 20ஆவது பிரிவின்படி மீண்டும் வேலையில் அமர்த்தக் கோரி மனுச் செய்வதற்கும் அதே 60 நாள்தான்.

அந்தக் காலம் கடந்த பிறகே இந்த ஆசிரியை என்னிடம் வந்தார். காலம் இருந்திருந்தாலும் வழக்கு எளிதாக இருந்திருக்கும் என்று சொல்வதற்கில்லை. மறைமுகப் பணிநீக்கத்தைப் பொறுத்தவரை, முதலாளி நியாயமற்று நடந்தார் என்று காட்டினால் போதாது, வேலை ஒப்பந்தத்தின் அடிப்படையையே மீறினார் என்று காட்ட வேண்டும் என்பது, வோங் சீ ஹோங் எதிர் கேத்தே நிறுவன வழக்கில் 1988இல் வெளியான தீர்ப்புக்குப் பிறகு நிலைபெற்றுவிட்ட நெறி. "எனக்கு அநியாயம் நடந்தது" என்பதும் "சட்டப்படி எனக்குத் தீர்வு உண்டு" என்பதும் வெவ்வேறு என்று தெரிந்தபோது அவருக்கு ஓரளவு நிம்மதியே ஏற்பட்டது. வழக்குப் போடாமல் இருந்தது கோழைத்தனம் என்ற எண்ணம் அதுவரை அவரைக் குடைந்துகொண்டிருந்தது.

கோப்பைப் பிரித்தது

அவரிடம் ஒரு கோப்பு இருந்தது. காரணம் கேட்கும் கடிதங்கள், வகுப்புப் பார்வைக் குறிப்புகள், அச்செடுத்த புலனச் செய்திகள் எல்லாவற்றையும் தேதி வரிசையில் துளையிட்டு அடுக்கியிருந்தார். இரவில் அதை எடுத்துப் படிப்பது வழக்கமாகியிருந்தது. குடும்பத்தார் அதை எரித்துவிடச் சொன்னார்கள். தோழி ஒருவர், "அது நச்சுப் பிடித்த இடம், அங்கே சொன்னது எல்லாமே பொய் என்று நினைத்துக்கொள்" என்றாராம்.

இந்த ஆறுதலைத்தான் பெரும்பாலோர் சொல்கிறார்கள். இது பலன் தருவதில்லை. ஏனென்றால் அங்கே சொன்னது எல்லாமே பொய்யன்று என்பது கேட்பவருக்கே தெரியும். மார்ச் மாதத் தேர்வுத் தாள்களை அவர் உண்மையிலேயே தாமதமாகத் திருத்திக் கொடுத்திருந்தார். ஒரு பெற்றோருக்கு அனுப்ப வேண்டிய பதிலை மறந்திருந்தார். "எல்லாம் பொய்" என்ற ஆறுதல் இந்த இரண்டிலும் முட்டி நின்றுவிடுகிறது. நின்றவுடன் மனம் எதிர்ப்பக்கம் சாய்ந்து, இந்த இரண்டும் உண்மையென்றால் மற்றவையும் உண்மையாகத்தானே இருக்கும் என்று முடிவு கட்டிவிடுகிறது.

எனவே கோப்பை எரிக்க வேண்டாம், பிரிப்போம் என்றேன். மேசைமேல் மூன்று அடுக்குகள். நடந்த செயலை மட்டும் சொல்லும் வாக்கியங்கள் ஓர் அடுக்கு: "தாள்கள் 14ஆம் தேதிக்குள் வந்து சேரவில்லை" என்பதுபோல. செயலுக்குக் காரணம் கற்பிக்கும் வாக்கியங்கள் இரண்டாவது: "பொறுப்பில்லாததால் தாமதம்." ஆளையே எடைபோடும் வாக்கியங்கள் மூன்றாவது: "நீங்கள் இந்தத் தொழிலுக்கே தகுதியில்லாதவர்." ஒரே கடிதத்தில் மூன்றும் கலந்திருந்ததால் வாக்கியங்களைக் கத்தரித்தே பிரிக்க வேண்டியிருந்தது, நகல்களைத்தான் வெட்டினோம், மூலங்களைத் தொடவில்லை. அடுத்தடுத்த சந்திப்புகள் பலவும் இதிலேயே போயின.

முதல் அடுக்கு எதிர்பார்த்ததைவிட மெலிந்திருந்தது. அதில் இருந்தவற்றை ஒவ்வொன்றாக எடுத்து, உண்மையா, உண்மையென்றால் இன்று எப்படிச் செய்திருப்பார் என்று ஆசிரியையே எழுதினார். தாள்கள் தாமதமான மாதத்தில் மகப்பேறு விடுப்பில் போன சக ஆசிரியையின் வகுப்புகளையும் அவரே எடுத்திருக்கிறார். இருந்தும், "தாமதமாகும் என்று முன்கூட்டியே சொல்லியிருக்கலாம், நான் சொல்லவில்லை" என்று எழுதினார். அந்த ஒரு வரி அவரால் எழுத முடிந்ததே முதல் முன்னேற்றம் என்று குறித்துவைத்தேன்: யார் முகத்தையும் பார்க்காமல் தம் வேலையைத் தாமே அளந்து, குறையைக் குறையின் அளவிலேயே வைத்திருந்தார். இரண்டாவது அடுக்கில் பெரும்பகுதி எவராலும் மெய்ப்பிக்க முடியாத ஊகம். மூன்றாவது அடுக்குதான் மிகத் தடித்தது. அதில் பதில் சொல்லத்தக்க ஒரு வாக்கியம்கூட இல்லை என்பதை அவரே கண்டார்.

எழுதுவதும் கற்பிப்பதும்

கோப்பு பிரிபட்ட பின்னும் கோபம் இருந்தது, இருக்கத்தான் செய்யும். அதை நாள்தோறும் சிறிது நேரம் யாருக்கும் காட்டாத ஏட்டில் எழுதச் சொன்னேன். அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கரும் அவருடைய குழுவினரும் 1994இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், வேலையிழந்த பொறியாளர்களில் தம் மனவேதனையை எழுதியவர்கள் மற்றவர்களைவிட விரைவில் வேலை பெற்றார்கள். கூடுதலாக விண்ணப்பித்ததால் அப்படி நேர்ந்ததாகத் தெரியவில்லை. பழைய வேலையைப் பற்றிய அவர்களுடைய மனப்போக்கு மாறியதே காரணமாகலாம் என்று கருதப்பட்டது. நேர்முகத் தேர்வில் உட்கார்ந்திருப்பவர் பழைய முதலாளியைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமலே அவருடைய கசப்பு எதிரில் இருப்பவருக்குத் தெரிந்துவிடும் என்பதைப் பார்த்தவர்களுக்கு இது வியப்பாக இராது.

அடுத்த அடி, தாமான் சமூக மண்டபத்தில் நான்காம் ஆண்டுப் பிள்ளைகள் சிலருக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் ஆங்கில வாசிப்பு வகுப்பு. சம்பளம் இல்லை, பார்வையிட வருபவரும் இல்லை. தன்னால் முடியும் என்ற உணர்வு எங்கிருந்து பிறக்கிறது என்று ஆராய்ந்த உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1977இல் நான்கு ஊற்றுகளைச் சொன்னார்: தானே செய்து முடித்த அனுபவம், பிறர் செய்வதைக் காண்பது, பிறர் சொல்லும் ஊக்கம், உடல் மன நிலைகள். அவற்றுள் முதலாவதே வலியது என்பது அவருடைய முடிவு. "உன்னால் முடியும்" என்று கண்ணாடி முன் நின்று சொல்லிக்கொள்ளும் பயிற்சிகளில் எனக்கு நம்பிக்கை குறைவாக இருப்பதற்கு அதுவே காரணம்.

வகுப்பு முடிந்தவுடன், பெற்றோர் எவரும் நன்றி சொல்வதற்கு முன், அன்றைய பாடத்தைப் பற்றி மூன்று வரி எழுதிவிட வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை: எது நடந்தது, எது நடக்கவில்லை, அடுத்த வாரம் எதைப் பார்த்து அதை அறிவது. தொடக்கத்தில் எழுதியவை எல்லாம் மன்னிப்புக் கடிதங்கள்போல் இருந்தன. சில வாரங்களுக்குப் பின் ஒரு குறிப்பு: "நால்வர் புதிய பத்தியைத் தடையின்றி வாசித்தார்கள். ஒருவன் நினைவிலிருந்து ஒப்பிக்கிறான், வாசிக்கவில்லை. அடுத்த வாரம் வாக்கியங்களை இடம் மாற்றிக் கொடுத்துப் பார்க்க வேண்டும்." இது தொழில் தெரிந்தவரின் குறிப்பு. அவருக்கும் அது தெரிந்தது.

வேலை தேடியது

பள்ளிகளுக்கு மீண்டும் விண்ணப்பிக்க அவர் விரும்பவில்லை. அதை ஓட்டம் என்று நான் எண்ணவில்லை. ஏழாண்டுத் திறனுக்கு வகுப்பறைக்கு வெளியேயும் சந்தை உண்டு. 1972இல் தொடங்கிய பாயான் லெப்பாஸ் தடையற்ற தொழில் வட்டாரத்தில் ஆலைகள் இயந்திரங்களை இயக்கும் புதிய தொழிலாளர்களுக்கு ஓயாமல் பயிற்சி அளித்தாக வேண்டும். தொழில்துறையே முன்னின்று நடத்தும் பினாங்குத் திறன் மேம்பாட்டு மையம் 1989 முதல் அங்கே இயங்கிவருகிறது. மேலும், 2001ஆம் ஆண்டின் மனிதவள மேம்பாட்டுச் சட்டத்தின்படி, அதற்குள் வரும் துறைகளில் பத்து அல்லது அதற்கு மேற்பட்ட மலேசியத் தொழிலாளர்களை வைத்திருக்கும் முதலாளிகள் மாதச் சம்பளத்தில் ஒரு விழுக்காட்டைப் பயிற்சிக்கான தீர்வையாக மனிதவள மேம்பாட்டுக் கழகமான எச்.ஆர்.டி. கோர்ப்பிடம் கட்டுகிறார்கள். கட்டிய பணத்தைப் பயிற்சிக்கே மீட்டெடுக்க முடியும் என்பதால், பாடம் திட்டமிடவும் பதிவேடு வைக்கவும் தெரிந்தவர்களுக்கு அங்கே தேவை இருக்கிறது. ஆசிரியை பயிற்றுநர் பயிற்சிச் சான்றிதழ் ஒன்றை எடுத்துக்கொண்டார். சுயவிவரக் குறிப்பில் "ஐந்தாம் ஆண்டு அறிவியல் கற்பித்தேன்" என்றிருந்ததை, என்ன திட்டமிட்டார், எத்தனை பேருக்கு, கற்றார்கள் என்பதை எப்படிச் சோதித்தார் என்று விரித்து எழுதினார்.

இரண்டு தடைகள் இருந்தன. ஒன்று, பழைய பள்ளியிலிருந்து நற்சான்றுக் கடிதம் கிடைக்காது. பணிக்காலத்துக்குச் சான்றாக ஊழியர் சேமநிதி வாரியத்தின் சந்தா அறிக்கை போதுமானதாக இருந்தது. மாதவாரியாக முதலாளியின் பங்களிப்பை அது காட்டிவிடுகிறது. திறனைப் பற்றிச் சொல்ல, அந்தப் பள்ளியில் துணைத் தலைமையாசிரியராக இருந்து ஓய்வுபெற்ற ஒருவர் முன்வந்தார். ஆசிரியை அவரைக் கேட்கவே கூசினார். கேட்டபோது, "இதை முன்னமே கேட்டிருக்கலாமே, அம்மா" என்றாராம்.

மற்றது, "ஏன் விலகினீர்கள்?" என்ற கேள்வி. ஒத்திகையில் முதல்முறை பதில் சொன்னபோது அது கதையாக நீண்டு கண்ணீரில் முடிந்தது. பல திருத்தங்களுக்குப் பின் நிலைத்த பதில்: "ஏழாண்டுகள் அங்கே கற்பித்தேன். நிர்வாகம் மாறியபின் எதிர்பார்ப்புகள் தெளிவாக இல்லை. தெளிவான இலக்கு உள்ள இடத்தில்தான் என் வேலை சிறக்கும் என்பதால் விலகினேன்." இதில் பொய் இல்லை, யார்மீதும் பழி இல்லை, அதற்குமேல் விளக்க வேண்டியதும் இல்லை. மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1980களில் வேலையற்றோருக்காக வடிவமைத்த பயிற்சியில், நிராகரிப்பு வருமுன்னரே அதை எதிர்கொள்ளும் விதத்தை ஒத்திகை பார்ப்பது ஒரு பகுதியாக இருந்தது, அதையும் சேர்த்துக்கொண்டோம். நிராகரிப்புக் கடிதம் வந்தால் அதையும் மூன்று அடுக்காகப் பிரிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. பெரும்பாலான நிராகரிப்புக் கடிதங்களில் முதல் அடுக்குக்கு மட்டுமே சரக்கு இருக்கும்.

வேலை வந்த வழி, எங்கள் திட்டத்தில் இல்லாதது. சமூகவியலாளர் மார்க் கிரானவெட்டர் 1973இலேயே சுட்டிக்காட்டியதுபோல, நெருங்கியவர்களைவிட அரைகுறைப் பழக்கமுள்ளவர்கள் வழியாகவே வேலைச் செய்தி பெரும்பாலும் வருகிறது. நெருங்கியவர்களுக்குத் தெரிந்தது நமக்கும் தெரிந்திருக்கும். ஞாயிறு வகுப்புக்கு மகளை அழைத்துவரும் ஒரு தாய் பாயான் லெப்பாஸ் ஆலை ஒன்றில் வேலை செய்பவர். "எங்கள் பயிற்சிப் பிரிவில் ஆள் தேடுகிறார்கள், டீச்சர், போட்டுப் பாருங்களேன்" என்றார். ஆசிரியை அன்றிரவே விண்ணப்பம் எழுதினார், கணவரிடம் காட்டவில்லை.

தொடர்நிலை

பயிற்சி ஒருங்கிணைப்பாளராகச் சேர்ந்து ஓராண்டு கடந்துவிட்டது. தொடக்கச் சம்பளம் பள்ளியில் வாங்கியதைவிடக் குறைவு. இரவில் அலுவலகப் புலனக் குழுவின் ஒலியை அணைத்துவைத்திருக்கிறார்; பழைய பள்ளி இருக்கும் சாலை வழியாக இன்னும் போவதில்லை, போக வேண்டும் என்று நான் வற்புறுத்தவும் இல்லை.

ஆண்டு மதிப்பீட்டில் மேலாளர் இரண்டு குறைகளைக் குறித்திருந்தார். பயிற்சிக் கோப்புகள் தணிக்கைக்குமுன் ஒழுங்காக இல்லை என்பது ஒன்று; ஆசிரியை அதை ஏற்று, எந்த மாதத்துக்குள் சரிசெய்வார் என்று எழுதிக் கொடுத்தார். இரவுப் பணிக்குழுவினருக்குப் பயிற்சி முழுமையாக நடக்கவில்லை என்பது மற்றது. அதற்கு வருகைப் பதிவேட்டை எடுத்துச் சென்று, நடந்திருக்கிறது என்று காட்டினார். மேலாளர் பார்த்துவிட்டு மதிப்பெண்ணைத் திருத்தினார். ஆசிரியை என்னிடம் இதைத் தொலைபேசியில் சொன்னபோது, எது நியாயமான குறை, எது அல்ல என்பதை எவரிடமும் கேட்காமலே பிரித்திருந்தார். தொடக்கத்தில் இருவரும் எழுதிவைத்துக்கொண்ட இலக்கு அதுவே ஆகையால் சந்திப்புகளை அத்துடன் முடித்துக்கொண்டோம். சம்பளத்தைப் பற்றிய மனக்குறை மட்டும் தீரவில்லை. அது நியாயமான குறை, அடுத்த மதிப்பீட்டில் அதைப் பேசப்போவதாகச் சொல்லியிருக்கிறார்.